மாட்யூல் எப்போது எழுதலாம்? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வந்த டெராஃபார்ம் அறிமுகக் கட்டுரையைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பெரும்பாலோர், ஒருமுறை எழுதிய கிளவுட் உள்கட்டமைப்பு நிரலைப் பல திட்டங்களுக்கு எப்படிப் பயன்படுத்துவது என்றே கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக மாட்யூல்களுக்கே ஒதுக்குகிறேன். அக்கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம்: சர்வர், நெட்வொர்க், ஸ்டோரேஜ் போன்றவற்றை வலைப்பக்கத்தில் பொத்தான்களை அழுத்தி உருவாக்காமல், அவை எப்படி இருக்க வேண்டும் என்று கோப்பில் எழுதி வைத்து, டெராஃபார்ம் போன்ற ஒரு கருவியைக் கொண்டு உருவாக்குவதே இந்த முறை. அந்தக் கோப்புகளில் எப்போதும் சேர்ந்தே வரும் ஒரு பகுதியைத் தனியே எடுத்துப் பெயரிட்டு, வேண்டிய இடத்தில் அழைத்துக்கொள்ளும்படி வைத்தால் அது மாட்யூல்.

கேள்வி: ஐயா, வணக்கம். ஏ.டபிள்யூ.எஸ். (அமேசானின் கிளவுட் சேவை) கணக்கில் நாங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு ரிசோர்ஸுக்கும் (சர்வர், ஸ்டோரேஜ் போன்ற தனித்தனிப் பொருள்) ஒரு மாட்யூல் என்று எழுதத் தொடங்கி, இப்போது 40 மாட்யூல்கள் சேர்ந்துவிட்டன. எஸ்3 பக்கெட் (கோப்புகளைச் சேமிக்கும் இடம்) மாட்யூலில் மட்டும் 62 வேரியபிள்கள் (அழைப்பவர் தரும் மதிப்புகள்). குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், இதற்கு நேரடியாகவே எழுதிவிடலாமே என்கிறார்கள். எங்கே தவறினோம்? (வாசகர், கோவை)

பதில்: 62 என்ற அந்த எண்ணிலேயே விடை இருக்கிறது. எஸ்3 பக்கெட்டுக்குப் புரொவைடர், அதாவது டெராஃபார்மை ஏ.டபிள்யூ.எஸ்.ஸோடு இணைக்கும் செருகுநிரல், ஏற்கெனவே கொடுத்திருக்கும் அமைப்புகள் ஒவ்வொன்றையும் நீங்கள் மீண்டும் ஒரு வேரியபிளாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மாட்யூலைப் பயன்படுத்த வருபவர் இப்போது புரொவைடரின் ஆவணத்தையும் படிக்க வேண்டும், உங்கள் குறிப்பையும் படிக்க வேண்டும். அவருக்கு வேலை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. புதியவர்கள் சொல்வது சரி. டெராஃபார்மை உருவாக்கிய ஹாஷிகார்ப் நிறுவனமும், ஒரே ஒரு ரிசோர்ஸின் மேல் உறை மாட்டியதுபோல மாட்யூல் எழுத வேண்டாம் என்றே தன் ஆவணத்தில் அறிவுறுத்துகிறது.

ஒரு மாட்யூலுக்குள் ஒரு முடிவு இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குழுவில் அனுபவம் உள்ளவர்கள் உட்கார்ந்து யோசித்து ஒருமுறை எடுத்த முடிவை, மற்றவர்கள் மறுபடி யோசிக்கத் தேவையில்லாதபடி பொதித்து வைக்கும் இடம் அது. நெட்வொர்க்கை எடுத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும். 10.20.0.0/16 என்ற முகவரி வரம்பில் 65,536 முகவரிகள் உள்ளன. புதிதாக ஒரு வி.பி.சி. (கிளவுடில் நமக்கென அமைக்கும் தனி நெட்வொர்க்) அமைப்பவர் பெரும்பாலும் இதை /24 சப்நெட்டுகளாக, அதாவது 256 முகவரிகள் கொண்ட துண்டுகளாகப் பிரிப்பார். ஒவ்வொரு சப்நெட்டிலும் முதல் நான்கு முகவரிகளையும் கடைசி ஒன்றையும் ஏ.டபிள்யூ.எஸ். தனக்கென வைத்துக்கொள்வதால், 256இல் 251 மிஞ்சும். சில சர்வர்களுக்கு அது தாராளம். ஆனால் அதே நெட்வொர்க்கில் ஆறு மாதம் கழித்து இ.கே.எஸ். குபர்னெட்டிஸ் (கன்டெய்னர்களை இயக்கும் ஏ.டபிள்யூ.எஸ். சேவை) வந்து உட்கார்ந்தால், வழக்கமான அமைப்பில் அதில் ஓடும் பாட் (pod) எனப்படும் சிறு அலகு ஒவ்வொன்றும் சப்நெட்டிலிருந்து ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளும். 251 என்பது எங்கே போனதென்றே தெரியாது. உருவாக்கிய சப்நெட்டின் முகவரி வரம்பைப் பின்னர் மாற்ற முடியாது. அழித்துவிட்டுத்தான் புதிதாக அமைக்க வேண்டும்.

இதை முன்பே அனுபவித்த ஒருவர் மாட்யூல் எழுதினால், அந்த /16 வரம்பை சிஐடிஆர்சப்நெட் என்னும் செயற்கூறைக் கொண்டு /20 அளவில் 16 துண்டுகளாகப் பிரிப்பார். ஒவ்வொன்றிலும் 4,091 முகவரிகள் கிடைக்கும். மூன்று அவைலபிலிட்டி ஸோன்களுக்கும் (தனித்தனியே இயங்கும் தரவு மையத் தொகுதிகள்) பொது சப்நெட் ஒன்று, தனி சப்நெட் ஒன்று என 6 துண்டுகள் போக, பிற்காலத் தேவைக்கு 10 துண்டுகள் கையிருப்பில் இருக்கும். அழைப்பவர் தர வேண்டியவை பெயர், முகவரி வரம்பு, இது உற்பத்திச் சூழலா என்ற ஆம்/இல்லை ஆகிய மூன்றே. அந்த மூன்றாவது வேரியபிளைச் சற்றுக் கவனியுங்கள். உற்பத்தி என்றால் ஸோனுக்கு ஒன்றாக மூன்று நேட் கேட்வேக்கள் (தனி சப்நெட்டில் இருப்பவை இணையத்துக்குச் செல்லும் வாயில்கள்), சோதனை என்றால் மொத்தமும் சேர்த்து ஒன்று என்று மாட்யூல் தானே தீர்மானிக்கும். நேட் கேட்வே பயன்படுகிறதோ இல்லையோ, மணிக்கணக்கில் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும் பொருள். ஆகவே சோதனைச் சூழலில் மறந்துபோய் மூன்று நிற்பதை இந்த ஒரு வேரியபிள் தடுத்துவிடுகிறது.

உங்கள் 40 மாட்யூல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, இதற்குள் எந்த முடிவு இருக்கிறது என்று கேளுங்கள். விடை கிடைக்காதவற்றை விட்டுவிடலாம். இனிமேல் ஒன்றை எழுதுவதற்கு முன், அதே அமைப்பை இரண்டு திட்டங்களில் நேரடியாக எழுதிப் பாருங்கள். மூன்றாவது திட்டம் வரும்போதுதான் எது எல்லாருக்கும் பொது, எது அந்தந்தத் திட்டத்துக்கு மட்டும் உரியது என்பது பிரிந்து தெரியும். விட்டுவிடும் மாட்யூல்களிலிருந்து ரிசோர்ஸ்களை வெளியே எடுக்கும்போது மட்டும் அவசரம் வேண்டாம். அடுத்த பதிலைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: பக்கெட் பெயர்களை ஒரு பட்டியலாக மாட்யூலுக்குக் கொடுத்திருந்தேன். நான்கு பெயர்களில் இரண்டாவது தேவையில்லை என்று நீக்கிவிட்டு பிளான் (என்னென்ன மாறும் என்று காட்டும் முன்னோட்டம்) பார்த்தால், 2 சேர்க்கப்படும், 3 அழிக்கப்படும் என்று வருகிறது. ஒன்றுதானே அழிய வேண்டும்? (வாசகி, மதுரை)

பதில்: அப்ளை (மாற்றங்களை நிறைவேற்றும் கட்டளை) கொடுக்காமல் நிறுத்தி எனக்கு எழுதினீர்களே, அதற்கு முதலில் என் நன்றி. மாட்யூல் எழுதுபவர்கள் எல்லாரும் புரிந்துகொண்டே ஆக வேண்டிய விஷயம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டெராஃபார்ம் தான் உருவாக்கிய ஒவ்வொரு ரிசோர்ஸையும் ஸ்டேட் கோப்பில் ஒரு முகவரியின் கீழ் எழுதி வைத்துக்கொள்கிறது. நீங்கள் இத்தனை வேண்டும் என்று எண்ணிக்கை கொடுத்து உருவாக்கும் கவுண்ட் முறையைப் பயன்படுத்தியிருப்பதால் அந்த முகவரிகள் வெறும் எண்கள்: 0, 1, 2, 3. உங்கள் பட்டியல் பில், பதிவு, படம், காப்பு என்று இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பதிவு நீங்கியதும் மற்றவை ஒரு படி மேலே ஏறிவிடுகின்றன. 1ஆம் எண்ணில் பதிவு இருந்த இடத்தில் இப்போது படம் வேண்டும். 2ஆம் எண்ணில் படம் இருந்த இடத்தில் காப்பு வேண்டும். 3ஆம் எண்ணுக்கு எதுவுமே இல்லை. பக்கெட்டின் பெயரை இருந்த நிலையில் மாற்ற முடியாதாகையால், 1உம் 2உம் அழிக்கப்பட்டு மீண்டும் உருவாக வேண்டும், 3 அழிய வேண்டும். சேர்ப்பு 2, அழிப்பு 3 என்ற கணக்கு இப்படித்தான் வருகிறது. பக்கெட்டுக்குள் கோப்புகள் இருந்தால் ஏ.டபிள்யூ.எஸ். அழிக்க மறுக்கும் என்பது ஓரளவு பாதுகாப்பு. ஆனால் மாட்யூலில் யாராவது ஃபோர்ஸ் டெஸ்ட்ராய் என்பதை இயக்கி வைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

கவுண்டுக்குப் பதிலாக ஃபார் ஈச் பயன்படுத்தினால் முகவரி எண்ணாக இல்லாமல் நீங்கள் கொடுக்கும் சாவியாகவே இருக்கும். பதிவை நீக்கினால் பதிவு மட்டும் போகும். படமும் காப்பும் தத்தம் இடத்தில் அசையாமல் நிற்கும். அந்தச் சாவிகள் பிளான் போடும் நேரத்திலேயே தெரிந்தவையாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உருவான பிறகே தெரியவரும் ஐ.டி. போன்றவற்றைச் சாவியாகக் கொடுத்தால் பிழை வரும். இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு, அதாவது 0 அல்லது 1 என்ற இடத்துக்கு, கவுண்ட் பொருத்தமானது. பட்டியலுக்கு அது வேண்டாம்.

இனி, ஏற்கெனவே கவுண்டில் உருவாகி நிற்பவற்றை என்ன செய்வது? கோப்பில் ஃபார் ஈச் என்று மாற்றி எழுதியவுடன் பழைய முகவரிகள் எல்லாம் காணாமல் போய், நான்கும் அழிந்து நான்கும் புதிதாக உருவாகும் என்று பிளான் சொல்லும். அதைத் தவிர்க்கத்தான் 2021 டிசம்பரில் வெளியான டெராஃபார்ம் 1.1 பதிப்பில் மூவ்டு பிளாக் வந்தது. 0 என்ற முகவரியில் இருந்தது இனி பில் என்ற முகவரிக்கு உரியது, 1இல் இருந்தது பதிவுக்கு உரியது என்று பழையதையும் புதியதையும் எழுதிக் கொடுத்தால், பொருள் அப்படியே இருக்க, பெயர்ப்பலகை மட்டும் மாறும். முதலில் நான்கையும் இப்படி மாற்றி, பிளானில் சேர்ப்பு 0, மாற்றம் 0, அழிப்பு 0 என்று வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு அப்ளை செய்யுங்கள். பதிவை நீக்குவது அதன் பிறகு, தனி வேலையாக.

இந்த வரிசையை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த ஓர் இடத்தில், நேரடியாக எழுதியிருந்த ஒரு டேட்டாபேஸை மாட்யூலுக்குள் நகர்த்தும் வேலையை நான்தான் செய்தேன். ரிசோர்ஸின் அமைப்புகளில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை, இடம்தான் மாறியது. மாட்யூலுக்குள் போனதும் அதன் முகவரியின் முன்னால் மாட்யூலின் பெயர் சேர்ந்துகொள்ளும் என்பதை நான் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. பிளானின் வெளியீடு திரையைத் தாண்டி நீளமாக ஓடியது. கடைசி வரியில் அழிப்பு 1 என்று இருந்ததை நான் பார்க்கத் தவறினேன். அந்த டேட்டாபேஸில் அழிப்பைத் தடுக்கும் ப்ரிவென்ட் டெஸ்ட்ராய் இருக்கிறதே என்ற நம்பிக்கை வேறு. அந்தப் பாதுகாப்பு ரிசோர்ஸ் பிளாக்குக்கு உள்ளேயே எழுதப்படுவது. பழைய இடத்திலிருந்து பிளாக்கையே எடுத்துவிட்டபோது பாதுகாப்பும் அதோடு சேர்ந்து போய்விட்டது. சோதனைச் சூழல் என்பதால் கடைசி ஸ்னாப்ஷாட்டும் (அழிக்கும் முன் எடுக்கும் காப்புப் பிரதி) வேண்டாம் என்று அமைத்திருந்தோம். சோதனைக் குழுவினர் வாரக்கணக்கில் சேர்த்திருந்த தரவு சில நிமிடங்களில் போயிற்று. அவர்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொன்ன காலை நேரம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

அன்றுமுதல் இரண்டு பழக்கங்களை விடாமல் வைத்திருக்கிறேன். டேட்டாபேஸ் மாட்யூல் எதுவானாலும், ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் டேட்டாபேஸ் சேவையான ஆர்.டி.எஸ்.ஸே தரும் டெலிஷன் ப்ரொடெக்ஷன் (அழிப்புத் தடை) இயல்பாக இயங்கும் நிலையில் இருக்கும், அது ஏ.டபிள்யூ.எஸ். பக்கத்தில் நிற்பதால், கோப்பிலிருந்து பிளாக் போனாலும் தடுக்கும். இரண்டாவது, இடமாற்றமும் அமைப்பு மாற்றமும் ஒரே புல் ரிக்வெஸ்டில் (குழுவின் பார்வைக்கு அனுப்பும் நிரல் மாற்றத் தொகுப்பு) வரக் கூடாது. பலர் பயன்படுத்தும் மாட்யூலில் எழுதிய மூவ்டு பிளாக்குகளை, வேலை முடிந்தது என்று எடுத்தும் விடாதீர்கள். பழைய பதிப்பிலிருந்து ஓராண்டு கழித்து மேலே வருபவருக்கும் அவை தேவைப்படும்.

கேள்வி: பதிப்புகளைப் பூட்டி வைக்கும் லாக் கோப்பைக் கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சேர்த்து வைத்திருக்கிறோம். யாரும் எதையும் மாற்றாத நிலையிலும் திங்கட்கிழமை காலை பைப்லைன் (கட்டளைகளைத் தானாக இயக்கும் அமைப்பு) ஓடியபோது பிளானில் மாற்றங்கள் தெரிந்தன. காரணம் என்னவாக இருக்கும்? (வாசகர், சென்னை)

பதில்: கன்சோலில் (ஏ.டபிள்யூ.எஸ். வலைப்பக்கத்தில்) யாரும் கை வைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டால், மாட்யூலை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்ஸ் வரியைப் பாருங்கள். அது கிட் முகவரியாக இருந்து, இறுதியில் எந்தப் பதிப்பு என்று சொல்லும் ரெஃப் இல்லாமலோ, மெயின் போன்ற கிளைப் பெயரைச் சுட்டியோ இருக்கும் என்று ஊகிக்கிறேன். பைப்லைன் ஒவ்வொரு முறையும் வெறும் கோப்புறையில் இனிட் (மாட்யூல்களையும் புரொவைடர்களையும் இறக்கும் கட்டளை) செய்வதால், அந்தக் கிளையில் அப்போது எது கடைசியாக இருக்கிறதோ அதுவே இறங்கும். வெள்ளிக்கிழமை மாலை வேறொரு குழு மாட்யூலில் சேர்த்தது உங்கள் திங்கட்கிழமையில் தலைகாட்டும்.

பலர் நினைப்பதற்கு மாறாக, லாக் கோப்பு புரொவைடர்களின் பதிப்பை மட்டுமே பூட்டுகிறது. மாட்யூல்களின் பதிப்பை அது கவனிப்பதே இல்லை. ரெஜிஸ்ட்ரியிலிருந்து (மாட்யூல்களின் பொதுக் களஞ்சியம்) எடுக்கும் மாட்யூலுக்கு வெர்ஷன் என்னும் வரியில் எண்ணைக் குறிப்பிடுங்கள். கிட் முகவரிக்கு அந்த வரி செல்லாது. அங்கே ரெஃபில் டேகை (ஒரு பதிப்புக்கு இட்ட பெயர்) கொடுக்க வேண்டும். டேகை ஒருவர் நகர்த்த முடியும் என்பதால், வெளியார் எழுதிய மாட்யூலுக்குக் கமிட்டின் (பதிந்த ஒரு மாற்றம்) முழு ஹேஷையே, அதாவது அதன் மாறாத அடையாள எண்ணையே கொடுப்பது நல்லது. ~> குறியை (பதிப்பு எதுவரை ஏறலாம் என்று சொல்வது) பயன்படுத்துபவர்கள் இலக்கங்களை எண்ணிப் போடுங்கள்: ~> 5.1 என்றால் 5.9 வரையும் அதற்கு மேலும் ஏறும், 6.0க்குப் போகாது, ~> 5.1.0 என்றால் 5.1 வரிசைக்குள் மட்டுமே நகரும்.

மாட்யூலை எழுதித் தருபவர் நீங்களாக இருந்தால் பொறுப்பு இன்னும் கூடுதல். வேரியபிள் பெயரை மாற்றுவது, அவுட்புட் (மாட்யூல் திருப்பித் தரும் மதிப்பு) ஒன்றை எடுத்துவிடுவது, இயல்பு மதிப்பில்லாத புதிய வேரியபிளைச் சேர்ப்பது ஆகியவை பதிப்பின் முதல் எண்ணை உயர்த்த வேண்டிய மாற்றங்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். இயல்பு மதிப்பை மாற்றுவதையும் நான் அதே வரிசையில்தான் வைப்பேன். அழைப்பவர் ஒரு வரியும் மாற்றாதபோது அவருடைய சர்வர் புதிதாக உருவாகிறதென்றால், அவரைப் பொறுத்தவரை அது சிறிய மாற்றம் ஆகாது. புரொவைடர் பதிப்பைக் குறிப்பிடும்போது மட்டும், மாட்யூலுக்குள் குறைந்தபட்ச எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேல் எல்லையை முடிவு செய்வது அழைப்பவரின் வேலை. ஆளுக்கொரு மேல் எல்லை வைத்த இரண்டு மாட்யூல்கள் ஒரே திட்டத்தில் சந்தித்தால், இரண்டுக்கும் பொருந்தும் புரொவைடர் கிடைக்காமல் இனிட் நின்றுவிடும்.

கேள்வி: ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் மும்பை ரீஜனுக்கும் ஹைதராபாத் ரீஜனுக்கும் (தரவு மையங்கள் உள்ள பகுதிகள்) ஒரே மாட்யூலைப் பயன்படுத்த வேண்டும். எந்த ரீஜன் என்று சொல்லும் புரொவைடர் பிளாக்கை மாட்யூலுக்குள்ளேயே எழுதிவிடலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: வேண்டாம். உள்ளே புரொவைடர் பிளாக் உள்ள மாட்யூலைக் கவுண்டோடோ ஃபார் ஈச்சோடோ அழைக்க முடியாது. மேலும், பின்னாளில் அந்த மாட்யூல் அழைப்பை நீக்கும்போது, உள்ளிருக்கும் ரிசோர்ஸ்களை அழிப்பதற்குத் தேவையான புரொவைடர் அமைப்பும் சேர்ந்து போய்விடுவதால் டெராஃபார்ம் பிழை காட்டி நிற்கும். மேல்நிலைக் கோப்பில் இரண்டு ரீஜன்களுக்கும் இரண்டு புரொவைடர்களை மாற்றுப்பெயரோடு எழுதி, மாட்யூலை அழைக்கும் இடத்தில் உரியதைக் கொடுங்கள். ஏ.டபிள்யூ.எஸ். புரொவைடரின் 6ஆம் பதிப்பில், 2025இலிருந்து, பெரும்பாலான ரிசோர்ஸ்களில் ரீஜனையே நேரடியாகக் குறிப்பிடலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது எளிது.

கேள்வி: டேட்டாபேஸ் கடவுச்சொல்லை மாட்யூலுக்கு வேரியபிளாகக் கொடுத்து, சென்சிட்டிவ் என்றும் குறித்திருக்கிறேன். இது போதுமா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: போதாது. சென்சிட்டிவ் என்று குறித்தால் பிளான் வெளியீட்டில் அந்த மதிப்பு மறைக்கப்படும், அவ்வளவே. ஸ்டேட் கோப்பைத் திறந்து தேடிப் பாருங்கள். கடவுச்சொல் எழுத்துக்கு எழுத்து அங்கே இருக்கும். ஆகவே ஸ்டேட் கோப்பைப் படிக்க முடிந்த ஒவ்வொருவரும் அதை அறிந்தவரே. அந்தக் கோப்பைக் கிட்டில் சேர்க்கவே கூடாது; குறியாக்கம் உள்ள ரிமோட் பேக்எண்டில் (ஸ்டேட் கோப்பை உங்கள் கணினிக்கு வெளியே சேமிக்கும் இடம்) வைத்து, படிக்கும் உரிமையை மிகச் சிலருக்கு மட்டும் கொடுங்கள்.

அதைவிட நல்ல வழி, கடவுச்சொல் உங்கள் கை வழியாகவே போகாமல் இருப்பது. ஆர்.டி.எஸ். தானே கடவுச்சொல்லை உருவாக்கி சீக்ரெட்ஸ் மேனேஜரில் (ரகசியங்களைக் காக்கும் ஏ.டபிள்யூ.எஸ். சேவை) வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. மாட்யூலில் அதை இயக்கிவிட்டு, அந்த ரகசியம் இருக்குமிடத்தின் முகவரியை மட்டும் அவுட்புட்டாகக் கொடுங்கள். டெராஃபார்ம் 1.11 பதிப்பிலிருந்து, ஸ்டேட்டில் பதியாமல் எழுத மட்டும் செய்யும் ரைட் ஒன்லி புலங்களும் உள்ளன. டெராஃபார்மிலிருந்து பிரிந்த ஓபன்டோஃபூ பயன்படுத்துபவர்களுக்கு 1.7 பதிப்பிலிருந்து ஸ்டேட் கோப்பையே குறியாக்கம் செய்து வைக்கும் வசதி உண்டு.

கேள்வி: ஓபன்டோஃபூ என்று குறிப்பிடுகிறார்களே, அது என்ன? எங்கள் மாட்யூல்களை மாற்றி எழுத வேண்டி வருமா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: 2014இல் வெளியானது முதல் டெராஃபார்ம் திறமூல மென்பொருளாகவே இருந்துவந்தது. 2023 ஆகஸ்ட் 10 அன்று ஹாஷிகார்ப் அதன் உரிமத்தை எம்.பி.எல். என்ற திறமூல உரிமத்திலிருந்து பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாற்றியது. அதற்கு முந்தைய நிரலிலிருந்து பிரிந்து, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வளர்வதே ஓபன்டோஃபூ. அதன் முதல் நிலையான பதிப்பு 2024 ஜனவரியில் வந்தது. சொந்த நிறுவனத்துக்குள் உள்கட்டமைப்பை நடத்துவதற்குப் புதிய உரிமம் தடை விதிக்கவில்லை. ஹாஷிகார்ப்புக்குப் போட்டியாகப் பொருள் விற்பவர்களைத்தான் அது கட்டுப்படுத்துகிறது. அந்த நிறுவனம் இப்போது ஐ.பி.எம். வசம் உள்ளது.

வழக்கமான முறையில் எழுதிய மாட்யூல்கள் இரண்டிலும் அப்படியே ஓடும். ஆனால் இரண்டும் ஆண்டுக்கு ஆண்டு விலகிச் செல்கின்றன. உதாரணமாக, மாட்யூலின் சோர்ஸ் வரியில் வேரியபிளைப் பயன்படுத்த ஓபன்டோஃபூ 1.8 பதிப்பிலேயே இடம் கொடுத்தது. மற்றவர்களுக்கும் தரப்போகும் மாட்யூலானால் இரண்டுக்கும் பொதுவான இலக்கணத்துக்குள் எழுதி, பைப்லைனில் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. கிளவுட் கணக்குத் தொடங்கினால் தெரியாமல் கட்டணம் வந்துவிடுமோ என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். கணக்கு இல்லாமல் மாட்யூல் எழுதிப் பழக முடியுமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: தாராளமாக முடியும், அம்மா. வீட்டில் அஞ்சுவதும் நியாயமே. லோக்கல், ரேண்டம் என்று இரண்டு புரொவைடர்கள் உள்ளன. ஒன்று உங்கள் கணினியில் கோப்புகளை உருவாக்கும். மற்றது தற்செயலான பெயர்களையும் எண்களையும் தரும். இரண்டுக்கும் எந்தக் கணக்கும் வேண்டாம். நான்கு கோப்புகளை உருவாக்கும் ஒரு மாட்யூலை முதலில் கவுண்டில் எழுதி, மதுரை வாசகிக்கு நேர்ந்ததை நீங்களே நேரச் செய்து பாருங்கள். பிறகு ஃபார் ஈச்சுக்கு மாற்றி, மூவ்டு பிளாக் எழுதி, பிளானில் மூன்று சுழியங்களையும் வரவழையுங்கள். அவ்வப்போது ஸ்டேட் கோப்பைத் திறந்து படியுங்கள். அது சாதாரண ஜேசன் கோப்புதான், முகவரி எப்படி மாறுகிறது என்று அதில் அப்படியே தெரியும். அடுத்ததாக 1.6 பதிப்பில் வந்த டெராஃபார்ம் டெஸ்ட் கட்டளையைப் பழகுங்கள். 1.7 முதல் அதில் புரொவைடரைப் போலியாக நிறுத்திச் சோதிக்கவும் வசதி உள்ளதால், ஏ.டபிள்யூ.எஸ். நெட்வொர்க் மாட்யூலைக்கூடக் கணக்கு இல்லாமலேயே எழுதி, /20 துண்டுகள் சரியாகப் பிரிகின்றனவா என்று உறுதிசெய்துகொள்ளலாம். எழுதியதை எனக்கு அனுப்பிவையுங்கள். படித்துப் பார்த்து, திருத்தங்களோடு பதில் எழுதுகிறேன்.